தீவு வீடுகளுக்குக் குரல்பெட்டி

கெர்கென்னாத் தீவில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது தீவில் இருப்பவர்களை விட, கடலுக்கு இந்தப் பக்கம் ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்தில் உட்கார்ந்திருந்த நஜியாவுக்குத்தான் அதிகம் தெரியும். மீனவர் கூட்டுறவு அலுவலகத்தில் போன் மேசை அவளுடையது. அதே அறையில் அவளுக்கு முதுகு காட்டி நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு வீடும் ஒரே சந்தில். அதனால் அந்த வருஷம் நடந்ததை அலுவலகத்திலும் பார்த்தேன், அவள் வீட்டு முற்றத்திலும் பார்த்தேன்.

கைபேசி பெரிய மனிதர்களின் இடுப்பில் மட்டும் தொங்கிய காலம் அது. இழுவலைப் படகுகள் போனால் லேசில் திரும்பாது. காற்று திரும்பினால் ஸார்ஸிஸ், மஹ்தியா என்று எந்தத் துறை கிட்டத்தில் இருக்கிறதோ அங்கே ஒதுங்கும். ஆட்கள் கரையிறங்கி, போன் கடையில் வரிசை கட்டி நின்று, எங்கள் அலுவலகத்துக்குப் பேசுவார்கள். வீட்டுக்குச் சொல்ல வேண்டியதை நஜியாவிடம் சொல்வார்கள். தீவில் அவர்கள் வீட்டுப் பெண்கள், போன் உள்ள வீட்டிலிருந்தோ ரம்லா ஊர் மளிகைக் கடையிலிருந்தோ கூப்பிட்டு, "எங்க வீட்டுக்காரர் ஏதாவது சொன்னாரா?" என்று கேட்பார்கள். அவன் சொன்னதை இவள் சொல்வாள்.

பிள்ளைக்குப் பல் முளைத்தது, மாமியார் மருமகள் சண்டை, ஆட்டுக்கு வந்த சீக்கு எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் கடல் தாண்டின. "எங்கம்மாகிட்ட சொல்லாதீங்க, அவகிட்ட மட்டும் சொல்லுங்க" என்பான் ஒருவன். "அவளுக்குக் கோவம் தீர்ந்துச்சான்னு கேளுங்க. தீரலைன்னா நான் கேட்டதா சொல்லிடாதீங்க" என்பான் இன்னொருவன். போனை வைத்ததும் நானும் அவளும் சிரிப்போம்.

லஸாத் பேசியது ஒரு குளிர்கால முற்பகலில். ஸார்ஸிஸிலிருந்து கூப்பிட்டான். கல்யாணமாகி ஒரு வருஷம் நிறையாத பையன். மனைவி வஸீலா, ரம்லாவில் அந்த மளிகைக் கடைக்காரரின் மகள்.

"சொல்லு லஸாத், கேக்குறேன்" என்றாள் நஜியா.

அந்தப் பக்கம் பேச்சில்லை. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் அவனை விரட்டுவது மட்டும் கேட்டதாம். கடைசியில், "ஒண்ணுமில்லக்கா. நல்லா இருக்கேன்னு சொல்லிடுங்க" என்று வைத்துவிட்டான்.

மறுபடி கடலுக்குப் போனதும், வலை இழுக்கும் நேரத்தில் ஓர் அலை அவனை எடுத்துக்கொண்டு போனது.

துக்கம் கேட்கிறவர்களின் வரத்து ஓய்ந்ததும் வஸீலா போன் செய்தாள்.

"அக்கா, கடைசியா என்ன சொன்னார்?"

"நல்லா இருக்கேன்னு சொல்லச் சொன்னான்மா."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி ஒண்ணும் பேசல."

"எவ்வளவு நேரம் பேசல?"

 அதன் பிறகும் வஸீலா அடிக்கடி கூப்பிட்டாள். அதே கேள்விதான். நஜியாவும் அதே பதிலைச் சொன்னாள். வைத்தபின், தலையில் மாட்டியிருக்கும் காதுக்குழாயைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு ஜன்னல் வழியாக ஐஸ் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் என் பக்கம் திரும்பி, "அவன் அவகிட்ட எதையோ சொல்லணும்னுதான் கூப்பிட்டான் சுஆத். நடுவுல நான் உக்காந்திருந்தேன். அதான் சொல்லல" என்றாள்.

"உன் வேலையைத்தானே நீ பாத்த?" என்றேன்.

"வேலை சரிதான். வேலையோட அமைப்பு சரியில்லை."

குரல்பெட்டி யோசனை அங்கேதான் முளைத்தது. அவள் தங்கை துர்ரா கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தாள். ஒரு வங்கியில் அவள் பார்த்திருந்தாள்: போனை எடுக்க ஆள் இல்லையென்றால் ஒரு கம்ப்யூட்டர் எடுக்கும், பேசுகிறவன் குரலை அப்படியே பிடித்து வைக்கும், உரியவர் வந்து கேட்டுக்கொள்ளலாம். சர்வர் என்று அதற்குப் பேர். நஜியா கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குரல்பெட்டி வேண்டும் என்று பேசினாள். படகோட்டிகள் கை தட்டினார்கள். சங்கத் தலைவர் தவ்ஃபீக்குக்கு மறுக்க வழியில்லாமல் போனது.

தலைநகர் துனிஸிலிருந்து சர்வர் வந்தது. கூடவே ஒரு ஆளும் வந்தார். எங்கள் எக்ஸ்சேஞ்ச் பெட்டியைத் திறந்து பார்த்தார். அலுவலகத்துக்கு வரும் வெளிலைன்களை எல்லாம் வாங்கி மேசை மேசையாகப் பிரித்துக் கொடுக்கும் அந்தப் பழைய இரும்புப் பெட்டி, ஐஸ் அறைக்குப் பக்கத்து அலமாரியில் தூசியும் மீன் வாடையுமாக இருந்தது. "இதுவும் அதுவும் ஒண்ணோட ஒண்ணு பேசாதுங்க. எக்ஸ்சேஞ்சையே மாத்தணும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு வேளைக்குள் கிளம்பிவிட்டார்.

தவ்ஃபீக் நஜியாவைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கூட்டத்தில் கைதட்டல் வாங்கியவள் அவள், பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

"கோடை மீன்பிடித் தடை முடிஞ்சு அக்டோபர்ல கடல் திறக்குது. அதுக்குள்ள ஓட வைங்க. இல்லைன்னா திருப்பி அனுப்பிடலாம். அப்படி அனுப்பினா, நஜியா, இந்தப் போன் மேசையே நமக்கு எதுக்குன்னு சிலர் கேப்பாங்க. ஏற்கெனவே கேக்குறாங்க."

அன்று சாயங்காலம் நஜியாவின் வீட்டில் வெடித்தது. கொஞ்சம் எண்ணெய் கடன் வாங்க நான் அங்கே போயிருந்தேன். முற்றத்துக் கொடியில் பேய்க்கணவாய்கள் எட்டுக் கையையும் விரித்துக்கொண்டு காய்ந்து கொண்டிருந்தன. கீழே மப்ரூக்கா அம்மா பார்லி மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள். நஜியாவின் அம்மா. தீவுக்காரி. கல்யாணமாகி ஸ்ஃபாக்ஸ் வந்து இத்தனை காலமாகியும் தீவுப் பேச்சு மாறாதவள். அவள் சாதாரணமாகப் பேசினாலே சந்து முனை வரை கேட்கும். கணவர் கமைஸ் ஓர் இழுவலைப் படகின் தலைவர். கடலில் சம்பாத்தியம் ஏறும் இறங்கும். மாதாமாதம் தவறாமல் வருவது நஜியாவின் சம்பளம்தான்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? ஒன் நாற்காலியில ஒக்காரதுக்கு ஒரு பொட்டிய நீயே கூட்டிட்டு வாரியா?"

"நாற்காலி எங்கயும் போகாதும்மா."

"போகாதாம்! பேசுதத அது புடிச்சு வைக்கும், கேக்கவள்ட்ட அது குடுக்கும். பொறவு நீ என்னத்துக்கு? மேசைக்கு அழகுக்கா?" சல்லடையைத் தட்டினாள். என்னைப் பார்த்தாள். "கேளு சுஆத். மூத்தவ தான் ஒக்காந்திருக்க கொம்ப வெட்டுதா. எளையவ ரம்பம் எடுத்துக் குடுக்கா. பிள்ளை பெத்தேன் பாரு!"

துர்ரா ரொட்டியை ஹரிசா மிளகாய் விழுதில் தோய்த்துக்கொண்டே, "ரம்பம் இன்னும் ஓடலம்மா. கவலைப்படாத" என்றாள்.

"நீ பேசாத. ஒனக்கு வாய் மட்டும் நல்லா ஓடுது."

நஜியா எழுந்து கொடியிலிருந்த பேய்க்கணவாய்களைத் திருப்பிப் போட்டாள். காய்ந்த பக்கம் உள்ளே, ஈரப் பக்கம் வெயிலுக்கு.  பிறகு சொன்னாள்: "பெட்டி ஓடலைன்னா எனக்கு வேலை இருக்காது. ஓடினா ஒருவேளை இருக்கும். எப்படிப் பாத்தாலும் அது ஓடணும்மா."

மறுநாள் முதல் துர்ரா தன் கடையில் மத்தியானத்தோடு விடுப்புச் சொல்லிவிட்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். ஐஸ் அறைச் சுவரோரம் மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். மடியில் எக்ஸ்சேஞ்சின் விளக்கப் புத்தகம், தோளில் சோதனைப் போன். எனக்குப் புரியும்படி அவள் சொன்னது இது: எக்ஸ்சேஞ்சுக்குச் சர்வர் என்றெல்லாம் தெரிய வேண்டியதில்லை. நான்கு போன் வைத்திருக்கும் ஓர் ஆள் என்று அது நினைத்தால் போதும். மணி அடித்தால் அந்த ஆள் எடுப்பான், ஒன்றில் பேச்சு நடந்தால் அடுத்ததில் மணி அடிக்கும். எனவே நான்கு உள்லைன்களை இழுத்துச் சர்வரின் முதுகில் சொருகினாள். நஜியா தன் மேசையிலிருந்து கூப்பிட்டாள். மணி ஒன்று அடித்தது. சர்வர் எடுத்தது. துனிஸ்காரர்கள் பதிந்து கொடுத்த குரல், செய்தி வாசிப்பதுபோல இலக்கண சுத்தமாக வணக்கம் சொன்னது.

"பேசுது! துனிஸ்காரர் பேசாதுன்னாரே!" என்றேன்.

"வணக்கம் சொல்றது பெரிய விஷயமில்லக்கா" என்றாள் துர்ரா. அவள் சொன்னதுபோலவே ஆனது. கொஞ்ச நேரத்தில் நான்கு லைனும் அடைத்துக்கொண்டன. நஜியா கூப்பிட்டால் பிஸி. என்னவென்று சோதனைப் போனைப் போட்டுக் கேட்டால், வெளியிலிருந்து கூப்பிட்டவர் எப்போதோ வைத்துவிட்டார். அதன்பின் வரும் டூ டூ சத்தத்தைச் சர்வர் யாரோ பேசுவதாக நினைத்துப் பக்தியோடு பதிந்துகொண்டிருந்தது.

"ஆள் போனது இதுக்குத் தெரியல" என்றாள் துர்ரா. "அந்தச் சத்தம் கேட்டா வச்சிடணும்னு கத்துக் குடுத்தேனே. உள்ள இருந்து கூப்பிட்டா ஒழுங்கா வைக்குதே."

நஜியா திரும்பிப் பார்த்தாள். "எந்தச் சத்தத்தைக் கத்துக் குடுத்த? நம்ம மேசை போன் வச்சா வர்றதா? வெளிலைன் அறுந்தா வேற மாதிரி வரும்டீ. இன்னும் அவசரமா."

இரண்டையும் பதிந்து திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு சீப்புகள்போலத் தெரிந்தன: ஒன்றின் பற்கள் அகலம், மற்றதன் பற்கள் நெருக்கம். இரண்டாவதையும் கற்றுக் கொடுத்ததும் சர்வர் நேரத்துக்கு வைக்கப் பழகியது. அன்று அக்காளும் தங்கையும் மீன் சந்தை வாசலில் நின்று லப்லாபி சாப்பிட்டார்கள். கொண்டைக்கடலைக் குழம்பில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, மேலே எண்ணெயும் சீரகமும். நானும் கூட நின்றேன். மூன்று பேருக்கும் நல்ல பசி.

தீவிலிருந்து சோதித்துப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. நஜியா வஸீலாவைக் கேட்டாள். அவள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, "எப்ப கூப்பிடணும்?" என்று மட்டும் கேட்டாள். சொன்ன நேரத்தில் கடை போனிலிருந்து கூப்பிட்டாள். சர்வர் எடுத்தது. வீட்டு எண்ணை அழுத்தச் சொன்னது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி நஜியாவின் மேசைக்குக் கூப்பிட்டாள்.

"அக்கா, நம்பரைச் சுத்தினேன். அது பாட்டுக்கு அழுத்து அழுத்துன்னே சொல்லுது."

"சுத்தினியா?"

"எங்க போன்ல அழுத்த பட்டன் ஏது? விரலை விட்டுச் சுத்துறதுதானே? ரம்லாவுல பாதி வீட்டுல இதுதான் இருக்கு."

நஜியா காதுக்குழாயைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அதைத் துர்ராவிடம் சொன்னாள். துர்ரா கூடையில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள். பட்டன் போன் என்றால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு ஓசை போகும், சர்வருக்குப் புரியும். சுழற்றும் போனிலிருந்து போவது வெறும் கட் கட் என்ற வெட்டு. அது எக்ஸ்சேஞ்சைத் தாண்டி வராது. யாருக்காக இவ்வளவு பாடோ, அந்தப் பெண்களுக்கே இது உதவாது.

"வஸீலா, அங்கயே இரு. யோசிச்சுட்டுக் கூப்பிடுறேன்" என்றாள் நஜியா.

"நான் எங்கக்கா போகப் போறேன்" என்றாள் அவள்.

கொஞ்ச நேரம் நஜியா தன் மேசைப் பட்டன்களைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "அவங்க ஏன் அழுத்தணும்? நான் அழுத்துறேன்" என்றாள். "எங்கிட்ட வரட்டும். யாரு வேணும்னு சொல்லட்டும். நான் அந்த வீட்டுப் பெட்டிக்கு மாத்தி விட்டுட்டு விலகிக்கறேன். பேசுறது அவங்க, கேக்குறது அவங்க."

"மாத்தி விட அந்த வீட்டுக்கு இங்க ஒரு உள் எண் வேணுமே."

"குடு."

"போனே இல்லாத எண்ணா?"

"போன் இல்லாம எண் குடுத்தா எக்ஸ்சேஞ்ச் சண்டைக்கா வரப்போகுது?"

துர்ரா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். அப்படிச் செய்யலாம்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் இல்லாத ஒரு போனுக்கு எண். அந்தப் போனை யாரும் எடுக்க முடியாது. எடுக்காத அழைப்பெல்லாம் சர்வருக்குத் திருப்பப்படும். ஆனால் திருப்பிவிடும்போது இது இன்ன வீட்டுக்கு வந்த அழைப்பு என்று எக்ஸ்சேஞ்ச் சர்வரிடம் சொல்ல வேண்டும். அதைத்தான் துனிஸ்காரர் முடியாது என்றிருந்தார். துர்ரா புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படித்தாள். டாக்டர்கள் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் பீப் கருவிக்கு எண்ணை அனுப்புவதற்கென்று அந்தப் பெட்டியில் ஒரு வசதி இருந்தது. எங்கள் அலுவலகத்தில் அதை ஒருவரும் தொட்டதில்லை. "பீப் கருவிக்குச் சொல்ற எண்ணை நம்ம சர்வருக்குச் சொல்லட்டுமே" என்று அதைத் திருப்பி அமைக்கத் தொடங்கினாள்.

அந்த வாரத்தில் வஸீலா கப்பலேறி ஸ்ஃபாக்ஸ் வந்தாள். கடைக்குச் சரக்கு எடுக்க என்றாள். சரக்கு எடுத்த கையோடு நஜியாவின் வீட்டுக்கும் வந்தாள். வாசலில் நின்ற மெலிந்த பெண்ணை மப்ரூக்கா அம்மாதான் உள்ளே கூட்டிவந்து, பார்லி குஸ்குஸும் மீனும் முன்னால் வைத்தாள். நஜியாவும் துர்ராவும் நானும் சுற்றி உட்கார்ந்தோம்.

"எங்க தீவுல அந்தப் பொட்டிய யாருக்கும் புடிக்கல கேட்டியா?" என்று தொடங்கினாள் மப்ரூக்கா அம்மா.

"ஆமாம் மாமி. என் மாமனாரு ஒருதடவை கேட்டுட்டு, அரசாங்கத்துல இருந்து பேசுறாங்கன்னு பயந்து வச்சுட்டார். அந்தக் குரல் அப்படி."

"பாத்தியா? நான் சொல்லல?"

வஸீலா குஸ்குஸை விரலால் ஒதுக்கினாள். "எனக்கு அந்தப் பெட்டி வேணும் மாமி."

"ஒனக்கு எதுக்கும்மா இப்போ..." என்று ஆரம்பித்தவள், சொல்ல வந்ததை விழுங்கிவிட்டாள்.

"எனக்குன்னு இல்ல. லஸாத் அன்னிக்கு என்கிட்ட எதையோ சொல்ல வந்தார். நஜியாக்காகிட்ட சொல்ல வெக்கம். வரிசையில பின்னாடி ஆளுங்க. பெட்டிகிட்டன்னா சொல்லியிருப்பாரான்னு எனக்குத் தெரியாது. ஒருவேளை அதுகிட்டயும் வெக்கப்பட்டிருப்பார்." லேசாகச் சிரித்தாள். "அவர் பேசாம இருந்ததையாவது நான் கேட்டிருப்பேன். மூச்சு விடுறது கேக்கும்ல? எங்க தெருவுல இன்னும் எத்தனையோ பேர் புருஷனைக் கடலுக்கு அனுப்பிட்டு உக்காந்திருக்காங்க. அவங்களுக்காவது இருக்கட்டும்."

மப்ரூக்கா அம்மா மீனின் நடுத்துண்டை முள் நீக்கி வஸீலாவின் தட்டில் வைத்தாள். "தின்னு" என்றாள். அவள் தின்று முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு துர்ராவிடம், "ஏட்டி, அந்தக் குரல மாத்த முடியுமா?" என்று கேட்டாள்.

"முடியும். தீவுக்காரங்க பேச்சுல யாராவது பேசித் தரணும். அக்கா குரல் வேண்டாம், அக்காதான் கேக்குறாங்கன்னு மறுபடி வெக்கப்படுவாங்க. என் பேச்சு டவுன் பேச்சு."

எல்லாரும் ஒரே பக்கம் பார்த்தோம்.

"என்னை என்னத்துக்குடி பாக்கியோ?" என்றாள் மப்ரூக்கா அம்மா. ஆனால் கை தானாகத் தலைத்துணியைச் சரிசெய்தது.

மறுநாள் மத்தியானம், அலுவலகம் சாப்பாட்டுக்கு அடைத்திருந்தபோது பதிந்தார்கள். துர்ரா எழுதிக் கொடுத்த காகிதத்தை மப்ரூக்கா அம்மா வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, துர்ரா வாசித்ததைக் கேட்டு மனதில் வைத்துக்கொண்டாள். ஐஸ் அறை மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு, ரிசீவரை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"வந்துட்டியா? நல்லது. ஒரு சத்தம் கேக்கும், அது முடிஞ்சதும் பேசு. இங்க ஒருத்தரும் ஒட்டுக் கேக்கல. ஒன் வீட்டுக்காரி மட்டுந்தான் கேப்பா. அதனால மனசுல இருக்கத முழுசா சொல்லு. பின்னால நிக்கவன் கத்துனா கத்திட்டுப் போறான்."

காகிதத்தில் இருந்தது முதல் இரண்டு வரிதான், மீதி அவளாகச் சேர்த்தது. துர்ரா அழிக்கவில்லை. நஜியா ஐஸ் அறைப் பக்கம் போய் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள்.

அடுத்து எண்கள் சரியாகப் போகின்றனவா என்று பார்த்தார்கள். போகவில்லை. ஒரு வீட்டுக்கு விட்டால் வேறு வீட்டுப் பெட்டியில் விழுந்தது, அல்லது எங்குமே விழவில்லை. கடல் திறக்க அதிக நாள் இல்லை. ஒருவன் மனைவிக்குச் சொன்னது இன்னொருவன் மனைவி காதில் விழுந்தால் தீவில் இருக்கவே முடியாது. தவ்ஃபீக் இரண்டுமுறை அலமாரிப் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். துர்ரா லைனில் சோதனைப் போனை மாட்டிக் காது வைத்துக் கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தவள் சட்டென்று குனிந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"எக்ஸ்சேஞ்ச் எண்ணைச் சரியாத்தான் சொல்லுது. சர்வர் எடுத்த உடனே அம்மா 'வந்துட்டியா'ன்னு ஆரம்பிச்சுடுறா. அவ சத்தத்துல முதல் எண் மூழ்கிப் போகுது!"

மப்ரூக்கா அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்தாள். "ஏட்டி, அப்போ நான் என்ன செய்யணும்?"

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். எண் வந்து சேர்ற வரைக்கும் சர்வரைச் சும்மா இருக்கச் சொல்றேன். அப்புறம் நீ பேசு."

"பேசாம இருக்கதுக்கும் அதுக்கு ஒருத்தி சொல்லிக் குடுக்கணுமா!" என்றாள் அவள். "ஒங்கப்பன்ட்ட விட்டா தானா கத்துக்கும். மாசக்கணக்கா வாயத் தொறக்க மாட்டாரு."

எடுத்ததும் மௌனம், எண்களின் ஓசை, பிறகு அம்மா. வீடு வீடாக எல்லா எண்களையும் சோதித்தார்கள். நஜியா மேசையிலிருந்து ஒரு வீட்டுக்கு மாற்றிவிடுவாள், நான் அந்த வீட்டுப் பேரைச் சொல்லிப் பதிவேன், தீவிலிருந்து வஸீலா அந்தப் பெட்டியைக் கேட்டு, "சரிக்கா, ஸாலிஹா வீடு, அடுத்தது" என்பாள். பேசுவதற்கு ஒரு எண், கேட்பதற்கு ஒரு எண். கேட்கும் எண்ணை நஜியா மட்டும்தான் திறந்து விடுவாள். தீவுப் பெண்கள் எல்லார் குரலும் அவளுக்குத் தெரியும். எவளும் இன்னொருத்தி பெட்டியைக் கேட்டுவிட முடியாது. போன் மேசை எதற்கு என்று கேட்டவர்களுக்குத் தவ்ஃபீக் அதையே பதிலாகச் சொன்னார் என்று பின்னால் தெரிந்தது.

கடல் திறந்தது. படகுகள் போயின. முதல் நாட்களில் ஒன்றிரண்டு அழைப்புகள்தான். பலர் மப்ரூக்கா அம்மாவின் குரலைக் கேட்டதும் சிரித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்தார்கள்.

அப்புறம் அந்தக் காற்று வந்தது. விடியும்போதே கடல் கலங்கிப் பழுப்பாக இருந்தது. தீவுக் கப்பலை நிறுத்திவிட்டார்கள். துறைமுகத்தில் கட்டியிருந்த படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. வெளியே போனவை எங்கே ஒதுங்கின என்று யாருக்கும் தெரியாது. கமைஸின் படகும் வெளியே. மப்ரூக்கா அம்மா சீக்கிரமே அலுவலகத்துக்கு வந்து, என் மேசைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

முதல் அழைப்பு மஹ்தியாவிலிருந்து. "சேர்ந்துட்டீங்களா? எல்லாரும்? அல்ஹம்துலில்லாஹ். வீட்டுக்கு விடுறேன், பேசு" என்று நஜியா மாற்றிவிட்டாள். பிறகு ஸார்ஸிஸ். பிறகு மறுபடி மஹ்தியா. ஒரு நேரத்தில் நான்கு லைனிலும் நான்கு ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். துர்ராவின் திரையில் நான்கு பச்சைப் புள்ளிகள். ஒருத்தர் பேச்சும் எங்களுக்குக் கேட்கவில்லை. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

அதே சமயம் தீவிலிருந்தும் அழைப்புகள். மளிகைக் கடையில் பெண்கள் கூட்டம். வஸீலா ஒவ்வொருத்தியாகப் போனில் விட்டாள். "ஸாலிஹா பேசுறா அக்கா." "திறக்குறேன்." "அடுத்து ஹனியா." "அவங்க வீட்டுக்கு இன்னும் வரல. பக்கத்துலயே உக்காரச் சொல்லு, வந்ததும் நானே கூப்பிடுறேன்."

தவ்ஃபீக் தலை கலைந்து ஓடிவந்தார். "என்ன நிலவரம்? எல்லாப் படகும் பேசிடுச்சா?"

"ஹனியா வீட்டுப் படகு தவிர எல்லாம் சேர்ந்தாச்சு. அவங்களும் மஹ்தியாவுக்கு வர்றதை மத்தவங்க பாத்திருக்காங்க."

"ஆளுங்க என்ன சொல்றாங்க? பயந்திருக்காங்களா? வீட்டுல என்ன சொல்லச் சொன்னாங்க?"

நஜியா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அத்தனை வருஷம் அந்தத் தீவின் ஒவ்வொரு சேதியையும் வாயில் சுமந்தவள். "எனக்குத் தெரியாது தலைவரே" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமிதத்தை நான் அவள் கல்யாணப் பேச்சு வந்த நாட்களில்கூடப் பார்த்ததில்லை.

தவ்ஃபீக் கொஞ்சம் யோசித்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, "நல்லது. நல்லது" என்று வெளியே போனார்.

ஹனியா வீட்டுப் படகும் மத்தியானத்துக்குள் சேர்ந்தது. கமைஸ் பேசியது அதற்கும் பிறகு. மகளிடம் "நல்லாருக்கேன்" என்றார், "உங்கம்மா பெட்டிக்கு விடு" என்றார். பச்சைப் புள்ளி எரிந்தது. அணையவே இல்லை. மப்ரூக்கா அம்மா அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவு நேரம் என்னத்தப் பேசுதாரு அந்த மனுஷன்?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டாள். அணைந்ததும் நஜியா தன் காதுக்குழாயை அம்மா காதில் வைத்து, பெட்டியைத் திறந்துவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

கேட்டுக்கொண்டிருந்த மப்ரூக்கா அம்மாவின் முகம் சிவந்தது. ஒருமுறை "போம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். முடிந்ததும் குழாயைக் கழற்றிக் கையிலேயே வைத்திருந்தாள்.

"அப்பா என்னம்மா சொன்னார்?" என்றாள் துர்ரா.

"நான்தானே பொட்டியில சொல்லியிருக்கேன், ஒருத்தரும் ஒட்டுக் கேக்கலன்னு? என்னைப் பொய்க்காரி ஆக்காத. போய் டீ வாங்கிட்டு வா. பைன் கொட்டை போட்டு." பிறகு என் பக்கம் குனிந்து, "எம் மகளுவ செஞ்சது சுஆத். துனிஸ்காரன் முடியாதுன்னது" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், வெளியே ஐஸ் வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சாயங்காலம் காற்று இன்னும் ஓயவில்லை. அழைப்புகள் ஓய்ந்துவிட்டன. நாங்கள் மேசையைத் துடைத்துக் கிளம்பும்போது மணி அடித்தது. வஸீலா. நஜியா குழாயைக் காதில் மாட்டாமல் எங்கள் இருவருக்கும் நடுவில் பிடித்தாள்.

"எல்லாரும் கேட்டுட்டாங்கக்கா. இப்பதான் கடைசியா ஸாலிஹா போனா. அவ நாலு தடவை கேட்டா. ஹனியா அழுதுக்கிட்டே சிரிச்சா. கடை பூரா ஒரே கூத்து. எங்கப்பா டீ போட்டே ஓய்ஞ்சுட்டார்."

"நீ சாப்பிட்டியா?"

"எங்க நேரம்?" காற்று அவள் பக்கமும் ஊதிக்கொண்டிருந்தது. "எனக்குன்னு இன்னிக்கு ஒண்ணும் இல்ல அக்கா. அது தெரிஞ்சதுதான். ஆனா இன்னிக்குத் தீவுல எவளும் யாருகிட்டயும் போய் அவர் என்ன சொன்னார்னு கேக்கல. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒருத்திகூடக் கேக்கல."

"நீதான்மா அவங்களை அவங்க ஆள் குரலையே கேக்க வச்ச" என்றாள் நஜியா.

"ஆமா" என்றாள் வஸீலா. அவள் குரல் நிமிர்ந்திருந்தது. "நான்தான் வச்சேன்."

பிறகு கடைக்காரியின் குரலில், "நாளைக்கும் காத்து இருக்கும்னு ரேடியோவுல சொல்றான். கடையை வெள்ளனத் திறந்துடுறேன்" என்றாள்.

"திற" என்றாள் நஜியா. "நானும் வெள்ளன வந்துடுறேன்."